பாவும் படமும்

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், ‘ஒளிப்பதிவில் மெருகு’ என்னும் பொருளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த மேடை எனக்குப் புதியதன்று. பத்தாண்டுகளாக இதன் ஓரத்தில், முக்காலிக்குப் பின்னால், ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றவன் நான். இரு கண்களையும் திறந்துகொண்டு நடுவில் நிற்பது இதுவே முதல் முறை. பிழைகள் இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறேன்.

சென்ற மாதம் செயலாளர் என் கடைக்கு வந்தார். வந்தவர் தேநீர் அருந்தியபடியே ஒரு கேள்வி கேட்டார். “இப்போது ஊரில் எல்லார் கையிலும் காமிரா இருக்கிறது. ஆனாலும் சில படங்களைப் பார்த்த மாத்திரத்தில் இது தேர்ந்த கை என்று தெரிந்துவிடுகிறது. வேறு சிலவற்றைப் பார்த்தால் கண் அலுத்துப்போகிறது. அந்த வேற்றுமை எதில் இருக்கிறது? காமிராவின் விலையிலா?” என்றார். விளையாட்டாகக் கேட்ட கேள்வியன்று. வரும் ஆண்டில் நம் ஊரின் முதிய கைத்தறி நெசவாளர்களை ஒவ்வொருவராக ஒளிப்பதிவு செய்து வைப்பது என்று வட்டம் தீர்மானித்திருக்கிறது. அப்பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. அதை எப்படிச் செய்யப் போகிறேன் என்பதை உங்கள் முன் சொல்லிவிடுவது முறை என்று கருதியே இவ்வுரைக்கு இசைந்தேன். இதில் உங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டியும் இருக்கிறது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

நான் நெசவாளி மகன். தந்தையார் பட்டு நெய்தார். நானும் சில காலம் தறிக்குழியில் அமர்ந்து நாடா ஓட்டக் கற்றுக்கொண்டு, பிறகு வேறொரு நாடாவுக்குப் போய்விட்டேன். தறியில் குறுக்கே ஓடுவதும் நாடா. அக்காலத்து வீடியோப் பெட்டிக்குள் சுற்றியதும் நாடா. 1993இல் தோளில் சுமக்கும் வி.எச்.எஸ். காமிரா ஒன்றைக் கடன்பட்டு வாங்கியபோது, “நாடாவை விட்டுப்புட்டு நாடாவையே புடிச்சுக்கிட்டான்” என்று தந்தையார் சொல்லிச் சிரித்தார். கடனை எண்ணித்தான் சிரித்திருப்பார்.

மெருகு என்ற சொல்லைச் சற்றே பார்ப்போம். தட்டாரிடம் மெருகு என்பது கடைசி வேலை. நகை செய்து முடித்த பின்பு தேய்த்துத் தேய்த்து ஒளி ஏற்றுவார்கள். துணிக்கு அந்த வழக்கு இல்லை. நெய்து முடித்த சேலையை எத்தனை மடிப்பு மடித்து அழுத்தினாலும், பாவில் நேர்ந்த பிசகு பிசகாகவே நிற்கும். நூலின் முறுக்கு, சாயத்தின் பதம், கஞ்சியின் பதம், பாவை நீட்டிப் பிடித்த இழுப்பு, இழை பிணைத்தவரின் விரல், இவையெல்லாம் நாடா ஓடத் தொடங்குமுன்பே துணியின் தரத்தைத் தீர்மானித்துவிடுகின்றன. நம் பக்கத்து நெசவு ஊர்களில் பாவு நீட்டுவதற்கென்றே ஒரு திடலை ஒதுக்கிப் பாவடி என்று பெயரிட்டு வைத்தார்கள். தறிக்கு வீட்டுக்குள் ஒரு குழி போதும் என்றவர்கள், பாவுக்குத் தெருவளவு இடம் கொடுத்தார்கள்.

ஒளிப்பதிவை எல்லாரும் நகை என்று நினைத்துக்கொள்கிறோம். அது துணி. இதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மாயிக்குத் தார் சுற்றும்போது பாடும் பாட்டுகள் நிறையத் தெரியும். அவற்றை வேறு எவரும் முழுமையாக அறிந்திருக்கவில்லை. 1996ஆம் ஆண்டு ஒரு பிற்பகலில் அவரை இராட்டையின் முன் அமர்த்தி, நாற்பது நிமிடம் பாடச் செய்து பதிவு செய்தேன். இராட்டை, அம்மாயி, பின்னால் பழைய சாமிப் படங்கள், எல்லாம் சட்டத்துக்குள் வர வேண்டும் என்று எட்டடி தள்ளி நின்றேன். ஒலிவாங்கி காமிராவின் தலையிலேயே இருந்தது. சுவருக்கு அப்பால் நான்கு விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. பிறந்தது முதல் கேட்டுப் பழகிய ஓசை ஆதலால் என் காதில் அது விழவே இல்லை. ஒலிவாங்கிக்கு அந்தப் பழக்கம் கிடையாதே!

அந்த நாடாவை எடுத்துக்கொண்டு சேலத்துக்குப் போய் மிக்சிங் செய்தேன். தொடக்கத்தில் ஒரு ரோஜா மலர் விரியும். அதனுள்ளிருந்து அம்மாயியின் பெயர் பொன்னெழுத்தில் சுழன்று வரும். அந்நாளில் அதுதான் உயர்தரம். வீட்டில் அனைவரும் பார்த்து மகிழ்ந்தார்கள். அம்மாயி அப்போது உடனிருந்ததால் குரலை யாரும் தேடவில்லை. 1998இல் அவர் மறைந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த இரவு அம்மா அதைப் போடச் சொன்னார். போட்டேன். ரோஜா விரிந்தது, பெயர் சுழன்றது. பிறகு நாற்பது நிமிடம் தறிச் சத்தம். அம்மா எழுந்து அருகே போய், திரையை ஒட்டிக் காதை வைத்துக்கொண்டு நின்றார். “வாய் மட்டும் அசையுது சாமி” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

இப்போது ஓசையைப் பிரித்தெடுக்கும் கணினி நிரல்கள் வந்திருக்கின்றன. அவற்றில் போட்டுப் பார்த்தேன். சில அடிகள் மீண்டன. தறி அறைந்த இடங்களிலெல்லாம் சொல் உடைந்தே கிடக்கிறது. பதிவில் ஏறாத ஒன்றை எந்த நிரலும் உண்டாக்கித் தரமுடியாது. ஊகித்து நிரப்பலாம்; அது அம்மாயியின் பாட்டாக இராது.

செயலாளர் கேட்ட கேள்விக்கு என் முதல் விடை இந்த நாடாதான். அதில் மெருகு இருந்தது, ஆனால் கடைசியில் பூசிய மெருகு.

இனி, இந்த மாவட்டத்தார் பெருமைப்படத்தக்க ஒரு செய்தி. படத்தொழிலுக்கும் தறிக்கும் உறவு உண்டு என்று நான் சொல்வது கற்பனையன்று. சேலத்தில் 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவிய டி.ஆர்.சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர். இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்குச் சென்று அவர் படித்தது சினிமாவையன்று, நெசவுத் தொழில்நுட்பத்தை! ஆலை நடத்தக் கற்றவர் படம் எடுக்க வந்தார். ஏற்காடு செல்லும் சாலையில் மலையடிவாரத்தில், படப்பிடிப்புத் தளம், ஒலிப்பதிவுக் கூடம், சுருள் கழுவும் கூடம் என எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் அமைத்தார். கலைஞர்களையும் தொழில்நுணுக்கம் அறிந்தவர்களையும் மாதச் சம்பளத்தில் வைத்துக்கொண்டார். 1937இல் சதி அகல்யா வந்தது. அடுத்த ஆண்டே மலையாளத்தின் முதல் பேசும்படமான பாலன் இங்கிருந்து போயிற்று. 1940இல் பி.யு.சின்னப்பா இரட்டை வேடமேற்ற உத்தம புத்திரன். 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான அலிபாபாவும் 40 திருடர்களும். 1961இல் மலையாளத்தின் முதல் வண்ணப்படமான கண்டம் பெச்ச கோட்டு. 1963இல் சுந்தரம் மறைந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அந்த வளாகத்திலிருந்து வெளிவந்தன. இன்று அங்கே படப்பிடிப்பு இல்லை. நுழைவாயில் வளைவுதான் மிஞ்சியது.

பட்டியலுக்காக இதைச் சொல்லவில்லை. அவரைப்பற்றி எல்லாரும் ஒருமித்துச் சொல்லும் செய்தி அவருடைய கண்டிப்பு. எழுத்து வேலை முடியாமல் தளத்தில் விளக்கு எரியாது, குறித்த நேரத்துக்கு வேலை தொடங்கும், தொழிற்சாலைக்குரிய ஒழுங்கு. கலையைத் தொழிற்சாலை ஆக்கிவிட்டார் என்று குறை சொன்னவர்களும் உண்டு. நெசவாளி கண்ணுக்கு அது குறையாகத் தெரியாது. பாவு முடியாமல் தறியில் உட்காருவார் உண்டோ? அரை பாவில் உட்கார்ந்துவிட்டுத் தறியை நொந்துகொள்கிறவர்களைத்தான் இன்று நான் படத்தொழிலில் மிகுதியாகக் காண்கிறேன்.

அதே வளாகத்தில் 1950இல் பொன்முடி, மந்திரி குமாரி ஆகிய படங்களை இயக்கியவர் எல்லிஸ் ஆர்.டங்கன் என்னும் அமெரிக்கர். தமிழ் அறியாதவர். அவர் 1945இல் எம்.எஸ்.சுப்புலட்சுமியை வைத்து மீரா எடுத்தபோது செய்த காரியம் ஒன்று உண்டு. எம்.எஸ். அவர்களின் மார்பளவு உருவத்தை வார்க்கச் செய்து, அதை முன்னே நிறுத்தி, ஒளிப்பதிவாளர் ஜிதன் பானர்ஜியுடன் சேர்ந்து, எந்தக் கோணத்திலிருந்து எவ்வளவு ஒளி விழுந்தால் அந்த முகம் எவ்வாறு தோன்றும் என்று சோதித்துப் பார்த்தார். உயிருள்ள முகம் தளத்துக்கு வருமுன்பே ஒளியின் வேலை முடிந்துவிட்டது. திரையில் பார்த்தவர்கள் அதைத் தெய்விகம் என்றார்கள். அந்தத் தெய்விகத்தில் ஒரு வார்ப்புச் சிலைக்கும் பங்குண்டு.

ஒளியைப்பற்றிப் பேசத் தொடங்கிவிட்டேன். இதில் சற்று நேரம் நிற்க விரும்புகிறேன். துணி இங்கேதான் நேரடியாக வருகிறது.

அலிபாபா வந்த அதே 1956ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சத்யஜித் ராய் அபராஜிதோ எடுத்து வெளியிட்டார். ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா. அதற்கு முன் ஒரே ஒரு முழுநீளப் படத்தில் பணியாற்றியிருந்த இளைஞர். காசியில் ஒரு வீட்டு முற்றம் கதையில் வரும். அதைக் கல்கத்தாவில் அரங்கமாக அமைத்தார்கள். உயர்ந்த சுவர்களுக்கு நடுவே உள்ள முற்றத்தில் வெயில் நேராக விழாது. வானத்தின் வெளிச்சம் மட்டும் மேலிருந்து பரந்து இறங்கும். நிழல் விழுந்தும் விழாததுபோல இருக்கும். அரங்க விளக்குகளின் கூரிய ஒளியில் அதைக் கொண்டுவர இயலாது. மித்ரா என்ன செய்தார்? முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார். விளக்குகளை நடிகர்மேல் செலுத்தாமல் துணியின்மேல் செலுத்தினார். துணி வானமாயிற்று. பிற்காலத்தில் உலகெங்கும் கையாளப்பட்ட முறை அது.

இதைப் படித்த நாளில் என் மேல் எனக்கே கோபம் வந்தது. வெள்ளைத் துணி நெய்யும் ஊரில் இருந்துகொண்டு, ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கை மணப்பெண்ணின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தவன் நான். பெண் கண்ணைக் கூசுவாள். பவுடர் வியர்வையில் வழியும். காமிராவுக்குப் பக்கத்திலிருந்து வரும் ஒளி மூக்கையும் கன்னத்தையும் ஒரே தட்டையாக்கிவிடும். பின்சுவரில் கன்னங்கரேலென்று ஒரு நிழல் பேய்போல நிற்கும். மறு மாதமே இரண்டு மல் வேட்டிகளை எடுத்து மூங்கில் சட்டத்தில் கட்டிக்கொண்டேன். விளக்கைக் காமிராவின் பக்கத்திலிருந்து விலக்கி, ஒரு புறமாக, வேட்டிக்குப் பின்னால் வைத்தேன். மண்டபத்தில் சிரித்தார்கள். படத்தைப் பார்த்தவர்கள், “புதுக் காமிராங்களா?” என்று கேட்டார்கள். காமிரா பழையது, வேட்டியும் பழையதுதான்.

ஒளியில் இன்னொரு நுட்பம், இனம் கலவாமை. வாசலில் வரும் பகல் வெளிச்சம் நீலச்சாயல் உடையது. குண்டு விளக்கின் வெளிச்சம் மஞ்சள். குழல் விளக்கில் பச்சை ஓடும். நம் கண் இவற்றைத் தானே சமன்செய்துகொள்ளும், காமிரா செய்யாது. மூன்றும் ஒரு முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் காமாலை, மறு கன்னம் நோய். ஒரு விளக்கை அணைத்துவிடுவது, புதிதாக ஒன்றை ஏற்றுவதைக் காட்டிலும் பல வேளைகளில் சிறந்த ஒளியமைப்பு. எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் தேடுவது சன்னலை. அடுத்துத் தேடுவது விளக்கை அணைக்கும் பொத்தானை.

காமிராவைப்பற்றிச் சுருக்கமாகவே சொல்வேன். விளம்பரங்கள் அதைப்பற்றி நிறையச் சொல்லிவிடுகின்றன. நெசவாளர்களைப் படமெடுக்கப் போவதால் நம் தொழிலோடு ஒட்டிய மூன்று செய்திகள் மட்டும்.

ஒன்று, சேலம் வெண்பட்டு. வெள்ளையைப் படமெடுப்பதுதான் கடினம். காமிராவைத் தன்போக்கில் விட்டால், வேட்டி வெளுத்துப்போய் இழையே தெரியாத ஒரு வெள்ளைக் காகிதமாகிவிடும். அப்படி வெளுத்துப்போன இடத்தில் பின்னர் எதையும் மீட்க முடியாது. எனவே சற்றுக் குறைந்த ஒளியில் பதிவு செய்து, பிறகு நிழலை மெல்ல உயர்த்திக்கொள்ள வேண்டும். வெள்ளைக்குள் இழை தெரிகிறதா என்று பார்ப்பது என் சோதனை. தெரிந்தால் ஒளி சரி.

இரண்டு, பொடிக்கட்டம், பொடிக்கோடு. இவை திரையில் அலையலையாக நெளிந்து மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். காமிராவின் உள்ளே ஒளியை வாங்கும் தகட்டில் புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அதுவும் ஒரு நெசவு என்றே வைத்துக்கொள்ளுங்கள். துணியின் நெசவும் அந்த நெசவும் ஒன்றின்மேல் ஒன்று சற்றே பிசகி அமரும்போது அந்த அலை உண்டாகிறது. அதற்கு மோய்ரே என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், மோய்ரே என்பது முதலில் அலையலையாக மினுங்கும் ஒருவகைப் பட்டுத்துணியின் பெயர். சற்று முன்னோ பின்னோ நகர்ந்தால் அலை மறைந்துவிடும். நேர்காணலுக்கு வருபவரிடம் பொடிக்கட்டச் சட்டை வேண்டாம் என்று முன்னாளே சொல்லிவிட்டால் நகரவும் வேண்டியதில்லை.

மூன்று, மின்சாரம். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அதனால் குழல் விளக்கு நொடிக்கு 100 முறை மின்னுகிறது. காமிராவின் கதவு நொடியில் 50இல் ஒரு பங்கு திறந்து மூடினால் இரண்டும் ஒத்துப்போகும். செல்பேசி தன்போக்கில் 60இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், படத்தில் பட்டை பட்டையாக நிழல் ஊர்ந்துகொண்டே இருக்கும். பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது. ஏதோ மட்டம் என்று மட்டும் மனம் சொல்லும். மட்டம் என்றும் உயர்வு என்றும் மனம் சொல்வதில் பெரும்பகுதி இப்படிப் பெயர் தெரியாத சிறு செய்திகளால் ஆனதே.

இன்றைய இளைஞர்கள் பின்னணியை மங்கலாக்குவதையே உயர்தரம் என்கிறார்கள். முகம் மட்டும் துலங்கும். பின்னால் எல்லாம் பஞ்சுபோலக் கரைந்திருக்கும். கண்ணுக்கு இனிதுதான். ஆனால் அறுபதாண்டு தறியில் அமர்ந்த ஒருவரைப் படமெடுக்கும்போது தறியைக் கரைத்துவிட்டால் அந்த முகத்துக்கு என்ன பொருள்? இதில் எனக்கும் என் மகனுக்கும் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. தீர்ப்பு இன்னும் வரவில்லை.

இனி ஒலி. என் கருத்தில் உயர்தரத்தின் பாதிக்கு மேற்பட்ட பங்கு ஒலியிலே இருக்கிறது. படம் சற்று மங்கலாக இருந்தால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். பழைய படம் என்று பரிவும் கொள்வார்கள். சொல் காதில் விழவில்லையென்றால் எழுந்து போய்விடுவார்கள். ஒலியின் வலிமை தொலைவு இரட்டித்தால் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. எட்டடியில் நின்ற என் ஒலிவாங்கிக்கு அம்மாயியின் குரல் எவ்வளவு போய்ச் சேர்ந்திருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் ஒரு சிறு ஒலிவாங்கி இருந்திருந்தால் விசைத்தறியைத் தாண்டியும் பாட்டு வந்திருக்கும். ஒரு செவிக்கருவியை மாட்டிக்கொண்டு அரை நிமிடம் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இரண்டும் சேர்ந்து மிக்சிங் செலவைவிடக் குறைவு.

2012இல் நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஆண்டில் மின்வெட்டு எவ்வாறு இருந்தது என்பதை நெசவாளர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு நாள் நண்பகல், பாவு பிணைக்கும் பெரியவர் ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பேரன் திருமணத்துக்கு முன்பணம் வாங்கத்தான் போனேன். தெருவில் ஒரு தறி ஓடவில்லை. வாசற்படியை ஒட்டி வெளிச்சத்தில் அமர்ந்து, விரலில் சாம்பலைத் தொட்டுத் தொட்டு, பழைய பாவின் இழையோடு புதிய பாவின் இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான இழை. ஒரு பக்க முகம் வெளிச்சம், மறுபக்கம் இருள். பின்னால் தறியின் மரச்சட்டம் மங்கித் தெரிந்தது. நான் எந்த விளக்கையும் ஏற்றியிருக்க முடியாது. ஏற்ற மின்சாரம் இல்லை. முக்காலி கொண்டுபோகவில்லை, அரிசி டின்னின்மேல் காமிராவை வைத்தேன். சிறிய ஒலிப்பதிவுக் கருவி ஒன்று பையில் இருந்தது. அதை அவருடைய மேல்துண்டின் மடிப்பில் செருகினேன்.

“எதுக்கு தம்பி இது?”

“சும்மா பேசுங்கய்யா, நீங்க தொழிலுக்கு வந்த கதையை.”

“பேசிக்கிட்டே பிணைச்சா எண்ணிக்கை தப்பீரும். சரி, கேளு.”

அந்தக் காமிரா பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தானாக நின்றுவிடும் வகை. மீண்டும் அழுத்தினேன். இருபத்திரண்டாம் நிமிடத்தில் மின்சாரம் வந்தது. தெரு முழுவதும் ஒரே நேரத்தில் தறிகள் எழுந்தன. பெரியவர் பாதிச் சொல்லில் நிறுத்தி, “வந்திருச்சு, போ” என்றார்.

என் முப்பதாண்டுத் தொழிலில் அதைக் காட்டிலும் நல்ல படம் எடுத்ததில்லை. பார்த்தவர்கள் என்ன காமிரா, என்ன விளக்கு என்று கேட்கிறார்கள். ஒரு கதவும் ஒரு மின்வெட்டும் என்று சொன்னால் நம்புவதில்லை. பெரியவர் 2019இல் காலமானார். அவருடைய மகள் தம் செல்பேசியில் அந்த இருபத்திரண்டு நிமிடத்தையும் வைத்திருக்கிறார். சமைக்கும்போது படத்தைப் பார்ப்பதில்லை. குரலை மட்டும் ஓடவிட்டுக் கேட்பதுண்டு என்று சொன்னார்.

படத்தொகுப்பைப்பற்றி ஒரு சொல். மணமக்களை இதயவடிவச் சட்டத்துக்குள் அடைத்ததும், வெண்ணந்தூரிலிருந்து ஒரே வெட்டில் அவர்களைச் சுவிட்சர்லாந்துப் பனிமலையில் இறக்கியதும் நான் செய்த பாவங்கள். ஊரில் அந்தப் பனிமலையில் இறங்காத தம்பதியர் அக்காலத்தில் குறைவு. இன்று இதயத்துக்குப் பதிலாகப் பறக்கும் காமிராவும் மெதுவோட்டமும் வந்திருக்கின்றன. அதே ரோஜாப்பூதான், சற்று விலை கூடியது. தொகுப்பவன் எடுத்தெறியக் கற்றால் போதும் என்பேன். ஒருவர் பேசி நிறுத்தியபின் வரும் மௌனத்தை மட்டும் எறியலாகாது. அதற்காகவே ஒவ்வோர் இடத்திலும் எவரும் பேசாத ஒரு நிமிட ஓசையைத் தனியே பதிவு செய்து கொண்டுவருவேன். வெட்டிய இடங்களில் அதைக் கீழே விரித்தால் தையல் தெரியாது.

எடுத்ததைப் பேணுவதும் இதில் சேர்ந்ததே. என் பழைய நாடாக்களில் பாதி பூஞ்சணம் பூத்துப்போயின. வட்டத்தின் பதிவுகளை இரு படிகளாக, இரு வேறு வீடுகளில் வைக்க வேண்டுகிறேன்.

இப்போது உதவிக்கு வருகிறேன். மின்வெட்டை இனி நம்பியிருக்க முடியாது, நம்பவும் கூடாது. நாம் படமெடுக்க வேண்டிய முதியவர்கள் ஏறக்குறைய எல்லாரும் விசைத்தறிகளுக்கு நடுவே வாழ்கிறார்கள். சென்ற வாரம் ஒரு தெருவில், ஒரு மணி நேரம் தறியை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். தறிக்காரர் என் பள்ளித் தோழர். கோபிக்கவில்லை. “ஒரு மணி நேரம் ஓட்டலீன்னா என்ன போகுமுன்னு உனக்குத் தெரியாததா? எனக்கு மட்டுமா, தறி ஓட்டற புள்ளைக்கும் கூலி போகுதல்ல” என்றார். அவர் சொன்னது முற்றிலும் நியாயம். நமக்கு நல்ல ஒலி வேண்டும் என்பதற்காக ஒரு தொழிலாளியின் கூலியில் கைவைக்கும் உரிமை எந்த இலக்கியத்துக்கும் இல்லை. ஒலிவாங்கியை வாய்க்கு அருகே கொண்டுபோகலாம், சன்னல்களில் போர்வை கட்டலாம். சடசடவென்ற அந்த ஓசையில் ஒரு பகுதி சுவர் வழியாகவே வந்து சேரும்.

அமாவாசையன்று தறி நிறுத்தும் வழக்கம் நெசவாளரிடையே நெடுங்காலமாக உண்டு. சில தெருக்களில் இன்னும் இருக்கிறது. சில தெருக்களில் அருகிவிட்டது. ஆண்டில் பன்னிரண்டோ பதின்மூன்றோ அமாவாசை. ஒரு நாளைக்கு இருவர் என்றால் இருபத்து நால்வர். நம் பட்டியலில் முப்பத்தொரு பெயர் இருக்கிறது. அவர்களில் எழுவர் தொண்ணூறைத் தொட்டவர்கள். அவர்களை முதல் நான்கு அமாவாசைகளில் முடித்துவிட வேண்டும். எந்தத் தெருவில் அமாவாசைக்கும் தறி ஓடுகிறதோ, அங்கே அன்று நிறுத்தும் நேரத்துக்கான கூலியை வட்டமே கொடுத்துவிடலாம் என்று செயற்குழுவில் கேட்டிருக்கிறேன். பறக்கும் காமிரா ஒன்று வாடகைக்கு எடுக்க எனக்கென்று ஒதுக்கிய தொகை அதற்குப் போதும். பறக்கும் காமிரா வேண்டாம். தறிக்காரர்களும் தறி ஓட்டுபவர்களும் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். விழா முடிந்ததும் வாசலில் நிற்பேன். உங்கள் தெருவில் எந்த நாள், எந்த நேரம் இயலும் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டுகிறேன்.

பாவு பிணைத்த பெரியவரின் பதிவில் நான்கு நிமிடத்தை இப்போது காட்ட விரும்புகிறேன். அவர் மகள் இசைவு தந்திருக்கிறார், முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். மேடை விளக்குகளை அணைத்துவிடுங்கள், தம்பி. மின்விசிறிகளையும் நிறுத்திவிடுங்கள்.